வெற்று அழைப்பு

“டீச்சர், சர்வர் பொய் சொல்லுமா?”

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வையாபுரி கேட்டுவிட்டார்.

“சொல்லாது” என்றாள் தமயந்தி.

“அதையே ஒரு காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எனக்கு வேறொண்ணும் வேண்டாம்.”

“உக்காருங்கண்ணா.”

அவர் உட்காரவில்லை.

காலை எட்டரை மணி. கீழே உரக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது. அந்தக் கடையின் மாடியில், யூரியா வாடை ஏறிவரும் ஒற்றை அறையில்தான் தமயந்தி தொழில் செய்தாள். ஆஸ்பத்திரி, நூல் மில், பள்ளிக்கூடம் என்று பதினேழு இடங்களுக்கு, வரும் அழைப்புகளை வாங்கிப் பிரித்துவிடும் தொலைபேசி சர்வர் போட்டுக் கொடுத்திருந்தாள். எல்லாம் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுபவை. எதையும் நேரில் போய்த் தொட வேண்டியதில்லை. வலைப்பக்கத்தைத் திறந்தால் போதும்; மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சர்வருக்கும் இந்த நாற்காலியில் இருந்தபடியே நாடி பிடித்துப் பார்த்துவிடலாம்.

அவளுக்கு முப்பத்து நான்கு வயது. அவருக்கு ஐம்பது.

வையாபுரி இருபத்தாறு வருடம் ஒரு அச்சகத்தில் பிழை திருத்தியவர். அச்சகம் மூடிய பிறகு இந்த மாடிக்கு வந்து எட்டு மாதம் கற்றுக்கொண்டார். போயும் போயும் இந்தப் பெண்ணையா டீச்சர் என்று கூப்பிடுகிறாய் என்று தெருவில் சிரித்தார்கள். “அ, ஆ சொல்லிக்கொடுத்தவங்களுக்கு வயசு ஏது?” என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு நடந்தார்.

பிறகு அவளே ஒரு வேலையும் வாங்கிக் கொடுத்தாள். மலையடிவாரத்தில் ஒரு அறக்கட்டளை. மலை ஊர்களில் சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை வேனில் ஏற்றி வந்து, டயாலிசிஸ் செய்து, திரும்பக் கொண்டுபோய் விடும். காசு வாங்காது. அதன் தொலைபேசி சர்வர் வையாபுரியின் பொறுப்பு.

ஒன்றரை வருடமாக அதில் ஒரு குறையும் இல்லை.

*

பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். தட்டச்சு செய்து, பிழை பார்த்து, தயாராகக் கொண்டு வந்திருந்தார்.

தமயந்தி படித்தாள். மூன்று வரி. குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமை அன்று அறக்கட்டளையின் தொலைபேசி சர்வர் எவ்விதக் கோளாறும் இன்றி இயங்கியது என்று சான்றளிக்கிறேன்.

“அன்னிக்கு என்ன?”

“மலையில எட்டாம் வளைவுல தாண்டவன்னு ஒருத்தர். செவ்வா, வெள்ளி அவருக்கு முறை. அன்னிக்கு வேன் போகல. மூணு மணி நேரம் ரோட்டுல நின்னிருக்கார். மறுநாள் விடியறதுக்குள்ள மூச்சு முட்டிப் போயிட்டார்.”

“வேன் ஏன் போகல?”

“போன் கால் வரல. கால் வந்தாத்தான் ஆபீஸ்ல பேரு பட்டியல்ல ஏறும். பட்டியல்ல பேரு இருந்தாத்தான் டிரைவர் ஏறிப் போவான். அன்னிக்கு அஞ்சாம் வளைவோட திரும்பிட்டான்.”

“கால் வரலைன்னு யார் சொன்னது?”

“சர்வர்.”

தமயந்தி காகிதத்தை மடிக்காமல் மேசை ஓரத்தில் வைத்தாள்.

“வந்துச்சுன்னு யார் சொல்றாங்க?”

“மாதேசு. டிரைவர்” என்றார். அந்தப் பெயரைச் சொல்லும்போது அவருடைய வாய் கோணியது.

*

சாவு வீட்டில்தான் அது நடந்தது. அறக்கட்டளை சார்பில் மாலை வாங்கிக்கொண்டு வையாபுரியும் போயிருந்தார். வீடு வரை வேன் போகப் பாதை இல்லை. எட்டாம் வளைவில் இறங்கி, கல்லும் முள்ளுமாக ஒரு மைல் நடந்துபோய் மாலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது எதிரே மாதேசு நின்றிருந்தான்.

“என்னங் சார், இன்னும் பச்சையாவே எரியுதுங்களா?”

சர்வரின் வலைப்பக்கத்தில் எரியும் பச்சையைச் சொல்கிறான் என்று வையாபுரிக்குப் புரிந்தது. விலகி நடக்கப் பார்த்தார்.

“உங்களத்தானுங் கேக்கறேன். தெனம் காலையில பல்லு வெளக்குனதும் சாமி கும்புடற மாதிரி அந்தப் பச்சையப் பாத்துப்போட்டுத்தான் காப்பி குடிப்பீங்களாமா. இன்னிக்கும் பாத்தீங்களா?”

“மாதேசு, இது அதுக்கு எடமில்ல.”

“எதுக்குங்க எடம்? ஆளுங்க கூப்புடற அந்த நம்பரு எம்பட சட்டச் சோப்புல, எம்பட போனுல இருந்த வரைக்கும் ஒரு ஆளு நின்னதில்ல ரோட்டுல. ஆபீஸ்ல ரெண்டு புள்ளைங்கள உக்கார வச்சு, காதுல மாட்டிவிட்டு, நடுவுல உங்க மிசினு ஒண்ணக் கொண்டாந்து வச்சீங்க. நின்னுபோட்டாரு பாருங்க, தாண்டவரு.”

“அவர் கூப்பிடல. கூப்பிட்டிருந்தா விழுந்திருக்கும்.”

“கூப்புட்டாரு.”

“நீ பாத்தியா?”

“அவரு பொஞ்சாதி பாத்துச்சு. பொணத்த வச்சுக்கிட்டுப் பொய்யா சொல்லப்போகுது?”

அதற்கு வையாபுரியிடம் பதில் இருந்தது. துக்கத்தில் இருப்பவர்களுக்கு நடந்ததும் நடக்காததும் கலந்துபோகும் என்பது அந்தப் பதில். அதைச் சொல்லாமல் வந்ததைத் தன்னுடைய பெருந்தன்மை என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டார்.

அறக்கட்டளைச் செயலாளர் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார். அவருக்கு யார்மேலும் கோபம் இல்லை. ஒரு பெயர் மட்டும் தேவைப்பட்டது.

“கால் வந்திருந்தா சர்வர்மேல தப்பு. வரலைன்னா டிரைவர்மேல தப்பு. செவ்வாக்கிழமை தாண்டவனோட முறைன்னு தெரியாதா? பட்டியல்ல இல்லைன்னாலும் ஒரு எட்டுப் போய்ப் பாத்திருக்கணும்.”

“மொதல்ல பட்டியலப் பாக்காம ஏறிக்கிட்டுத்தானுங் இருந்தேன். இனி பட்டியல் இல்லாம ஏறுனா டீசலு காசப் புடிப்பேன்னு அதுக்கு மொத வாரம் சொன்னதும் நீங்கதானுங்களே” என்றான் மாதேசு.

செயலாளர் அதைக் கேட்காதவர் போல வையாபுரியைப் பார்த்தார். “திங்கட்கிழமைக்குள்ள எனக்குக் காகிதத்துல வேணும். சர்வர் போட்டவங்க கையெழுத்தோட. அதை வச்சு ரெண்டு பேர்ல ஒருத்தரை அனுப்பிடலாம்.”

இன்று வெள்ளிக்கிழமை.

*

“அவ்வளவுதான் டீச்சர்” என்றார் வையாபுரி. “நான் போனா எனக்கு அச்சகமும் இல்ல, இதுவும் இல்ல. அவன் போனா வேற வண்டி ஓட்டுவான்.”

“பக்கத்தைத் திறங்க” என்றாள்.

அவர் தன் கையால் திறந்தார். பழகிய பக்கம். வட்டு, நினைவகம், இணைப்பு, வெப்பம் என்று நான்கு வட்டங்கள். நான்கும் பச்சை. அதற்குக் கீழே, அதே பச்சையில், கொட்டை எழுத்தில்: தவறிய அழைப்புகள் 0.

இந்தப் பக்கம் முதலில் ஆங்கிலத்தில் இருந்தது. ஒவ்வொரு சொல்லாகத் தமிழாக்கியவர் வையாபுரி. ஒரு சந்திப்பிழை இருக்காது. அவள் பார்த்த பதினேழு சர்வர்களில் தமிழ் ஒழுங்காக எழுதியிருந்த பக்கம் இது ஒன்றுதான்.

“வாசிங்க.”

“எதுக்கு டீச்சர்? உங்களுக்குத் தெரியாததா?”

“வாசிங்க.”

அவர் வாசித்தார். “இடைவிடாது இயங்கும் நாட்கள், நூற்றுப் பதினெட்டு. வந்த அழைப்புகள், எடுத்த அழைப்புகள், ரெண்டும் ஒண்ணு. தவறியது சுழியம்.” குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. “போன ஆண்டு விழாவுல இந்தச் சுழியத்துக்குத்தான் எனக்குப் பொன்னாடை போத்துனாங்க.”

“முதல் மாசம் எவ்வளவு இருந்துச்சு?”

“தவறியதா? நூத்துக்கு நாப்பது. செயலாளர் கத்துனார். நன்கொடை குடுக்கறவங்க பாத்தா என்ன நினைப்பாங்கன்னு.”

“எப்படிக் குறைச்சீங்க?”

“எல்லாம் குப்பை டீச்சர். ஒரு விநாடி, ரெண்டு விநாடி அடிச்சுட்டு வச்சுடறது. ஆபீஸ்ல எடுக்கறதுக்குள்ள நின்னுடும். அதையெல்லாம் கூட்டித் தள்ளினேன்.”

அமைப்புப் பக்கத்தைத் திறந்து காட்டினார். அங்கேயும் அவருடைய தமிழ்.

ஐந்து விநாடிக்கும் குறைவான வெற்று அழைப்புகளைக் காட்டாதே. டிக் போட்டிருந்தது.

ஒரு மணி நேரத்தில் ஐந்து வெற்று அழைப்புகள் செய்யும் எண்ணைத் தடு. அதற்கும் டிக்.

“தடுத்தா அவங்களுக்கு என்ன கேக்கும்?”

“பிஸி டோன். வேற ஆள்கூடப் பேசிக்கிட்டிருக்கோம்னு நினைச்சுக்குவான், போயிடுவான்.”

“வெற்று அழைப்புன்னு ஏன் வச்சீங்க?”

“நல்ல சொல் டீச்சர். யோசிச்சு வச்சது. குறு அழைப்புன்னா நீளத்தைத்தான் சொல்லும். இதுல சேதி ஒண்ணும் இல்லைங்கறதையும் சொல்லணுமில்ல?”

தமயந்தி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, மேசைமேல் வயிறு திறந்து கிடந்த ஒரு பழைய போனின் திருகுகளை மாட்டத் தொடங்கினாள். நான்கு திருகு. ஒவ்வொன்றாக.

அவருக்குப் பொறுமை போயிற்று. “கையெழுத்து, டீச்சர்.”

“போடறேன்.”

அப்போது வையாபுரியின் சட்டைப்பையில் இருந்த போன் ஒருமுறை அடித்து நின்றது.

அவர் அதை வெளியே எடுக்கவில்லை. இன்னொரு பையைத் துழாவி ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். ஒரு மாத்திரையை வாயில் போட்டு, மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்தார். பிறகு போனை எடுத்து ஒரு பொத்தானை அழுத்தி, ஒரு நொடி காதில் வைத்துக் கேட்டுவிட்டு, வெட்டினார்.

“யாரு?” என்றாள் தமயந்தி.

“வீட்ல.”

“எடுக்கவே இல்லையே?”

“எடுக்கறதுக்கு இல்ல டீச்சர் அது. மிஸ்டு கால். ஒம்பது மணி ஆச்சுன்னா ஒண்ணு குடுப்பா. சர்க்கரை மாத்திரை போட்டாச்சான்னு அர்த்தம். போட்டுட்டா நான் ஒண்ணு திருப்பிக் குடுத்துடணும்.”

“குடுக்கலைன்னா?”

“விடுவாளா? குடுத்துக்கிட்டே இருப்பா.”

சிரித்தார். வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்லும்போது ஆண்கள் சிரிக்கும் சிரிப்பு.

தமயந்தி சிரிக்கவில்லை. கடைசித் திருகை மாட்டிவிட்டு ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

வையாபுரியின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. உள்ளே இருந்தவர் எழுந்து போய்விட்ட வீட்டில் விளக்கு எரிவது போல. பிறகு அணைந்தது.

*

வலைப்பக்கம் என்பது சர்வரின் முகம். எதைக் காட்டச் சொன்னோமோ அதைக் காட்டும். அதற்குப் பின்னால், யாருக்கும் காட்டாமல், சர்வர் தனக்குத் தானே எழுதிவைத்துக்கொள்ளும் குறிப்பு ஒன்று உண்டு. அதற்கு லாக் என்று பெயர். அதில் எதுவும் விடுபடாது. முதல் வாரமே அவள் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அவரும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். பச்சை எரியத் தொடங்கிய பிறகு லாக்கைத் திறக்க அவருக்கு அவசியம் வரவில்லை.

இப்போது திறந்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. அந்தச் செவ்வாய்க்கிழமையைத் தேடி, தாண்டவனின் எண்ணைக் கொடுத்தார்.

ஏழு ஐம்பத்திரண்டு. இரண்டு விநாடி.

எட்டு ஒன்று. இரண்டு விநாடி.

எட்டு பன்னிரண்டு. ஒரு விநாடி.

எட்டு இருபது.

எட்டு முப்பத்தொன்று.

ஐந்தாவதற்குப் பக்கத்தில் சர்வர் எழுதியிருந்தது: எண் தடுக்கப்பட்டது.

அதற்குப் பிறகு ஆறு. கடைசி, பத்து ஐம்பது.

“பதினொண்ணு” என்றார் வையாபுரி. பிழை திருத்தும்போது சொல்வது போல, குரலில் ஒன்றும் இல்லாமல்.

பிறகு சட்டென்று திரும்பினார்.

“நீங்கதானே சொன்னீங்க?”

“என்ன?”

“மறந்துட்டீங்களா? நூல் மில் சர்வர்ல எவனோ பூந்து வெளிநாட்டுக்கெல்லாம் கால் போட்ட சமயம். இதே எடத்துல நின்னு சொன்னீங்க. ஒரு தடவை தட்டிட்டு ஓடறவன் திருடன். வீட்ல ஆள் இருக்கான்னு பாக்கறான். அஞ்சு தடவை தட்டுனா அடைச்சுடுங்கன்னு. நோட்டுல எழுதி வச்சிருக்கேன். தேதியோட.”

“சொன்னேன்.”

“மலையில இருக்கறவன் ஒரு தடவைதான் தட்டுவான்னு சொன்னீங்களா?”

“எனக்குத் தெரியாது.”

“தெரியாதா?”

“நான் மலைக்குப் போனதில்ல. இந்த நாற்காலியிலிருந்துதான் பாத்தேன்.”

“அவ்வளவுதானா டீச்சர்?”

“அவ்வளவுதான்ணா.”

அவருக்கு அவளை அடிக்கலாம் போலிருந்தது. அழுதிருந்தால் மன்னித்திருப்பார். மன்னிப்புக் கேட்டிருந்தாலும் மன்னித்திருப்பார். அவள் பேனாவை எடுத்தாள். மேசை ஓரத்தில் இருந்த காகிதத்தை முன்னால் இழுத்துக் கையெழுத்திட்டாள். இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்து, ஊதி, அழுத்தினாள்.

“என்ன பண்றீங்க?”

“கேட்டீங்களே.”

“இப்ப எதுக்கு?”

“எழுதியிருக்கறதுல பொய் ஒண்ணும் இல்ல. அன்னிக்குச் சர்வர்ல எந்தக் கோளாறும் இல்ல. சொன்னதைச் செஞ்சுது.”

காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். மை இன்னும் காயவில்லை.

அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். செயலாளர் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கமாட்டார். கேட்டாலும் பக்கத்தைத் திறந்து காட்டலாம். சுழியம். லாக்கைப் படிக்கத் தெரிந்தவர்கள் இந்த மாவட்டத்தில் இரண்டு பேர்தான். இரண்டு பேரும் இந்த அறையில் இருந்தார்கள்.

வையாபுரி காகிதத்தை ஒதுக்கிவைத்தார்.

பிறகு தடுப்புப் பட்டியலைத் திறந்தார். மொத்தம் நாற்பத்து மூன்று எண்கள்.

“இதுல எத்தனை பேர் திருடங்க?” என்று கேட்டாள்.

அவர் தாண்டவனின் எண்ணைத் தேடி எடுத்தார். அதன் எதிரே கடைசியாக முயன்ற நாள் என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தச் சொல்லும் அவருடையதுதான். அதில் இருந்த தேதியைப் பார்த்து அவருடைய கை நின்றது.

“டீச்சர்.”

“ம்.”

“தாண்டவன் செத்து மூணு வாரம் ஆச்சு.”

“ம்.”

“இது இந்தச் செவ்வாக்கிழமை.”

திரும்பவும் லாக்குக்குப் போனார். சாவுக்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை, ஒன்பது நாற்பத்தைந்து. அடுத்த செவ்வாய், ஒன்பது நாற்பது. அதற்கடுத்த வெள்ளி. செவ்வாய். வெள்ளி. செவ்வாய். தாண்டவனின் முறை நாள் ஒன்றுகூடத் தவறவில்லை. எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே குறிப்பு. தடுக்கப்பட்ட எண்.

“யாரு இது?” என்றார்.

“லாக்குல நம்பர்தான் இருக்கும். யாருன்னு இருக்காது.”

சுவரில் மணி ஒன்பது முப்பத்தைந்து ஆகியிருந்தது.

வையாபுரி நாற்பத்து மூன்று எண்களையும் ஒன்றன்பின் ஒன்றாக விடுவித்தார். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே சொடுக்கில் செய்யலாம். அது அவருக்குத் தெரியும். ஒவ்வொன்றாகவே செய்தார். பிறகு அமைப்புப் பக்கத்துக்குப் போய் இரண்டு டிக்குகளையும் எடுத்தார்.

பக்கம் ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு வந்தது. சுழியம் இருந்த இடத்தில் ஒன்றரை வருடக் கணக்கு வந்து உட்கார்ந்தது. நான்காயிரத்துச் சொச்சம். அந்த எழுத்தின் பச்சை, சிவப்பாகியிருந்தது.

அவர் கையெழுத்திட்ட காகிதத்தைத் திருப்பிப் போட்டார். பேனாவைக் கேட்டு வாங்கி, பின்பக்கத்தில் பதினோரு நேரங்களையும் எழுதினார். குண்டு குண்டான, அடித்தல் இல்லாத எழுத்து. ஐந்தாவதற்குக் கீழே ஒரு கோடு போட்டார். ‘எண்ணைத் தடுக்கும் விதியை வைத்தவர்’ என்று எழுதி, எதிரே தன் பெயரை எழுதினார்.

தமயந்தி அதைப் படித்துப் பார்த்தாள். பேனாவை வாங்கி, அவர் பெயருக்குக் கீழே ‘அதைக் கற்றுக்கொடுத்தவர்’ என்று எழுதித் தன் பெயரையும் எழுதினாள்.

அவர் தடுக்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை.

ஒன்பது நாற்பத்தொன்றுக்குப் பக்கத்தில் ஒரு வரி புதிதாக ஏறியது பக்கத்தில். தாண்டவனின் எண். இரண்டு விநாடி. நின்றுவிட்டது.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

தமயந்தி ஹெட்செட்டை எடுத்து நீட்டினாள்.

“நீங்க பேசுங்க டீச்சர்.”

“அந்த மணி எனக்கு அடிக்கல.”

“என்னன்னு பேசறது?”

“முதல்ல கூப்பிடுங்க.”

அவர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார். எண்ணின்மேல் சொடுக்கினார். முதல் மணி முழுதாக அடித்து முடிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். காற்று இரைந்தது. உயரமான இடத்துக் காற்று.

“அலோ. மாதேசு தம்பிங்களா?”

“இல்லீங்கம்மா. ஆபீஸ்லேர்ந்து பேசறேன். கூப்பிட்டிருந்தீங்க.”

“ஆபீஸ்ங்களா! அப்பாடா. இன்னிக்காவது மணி அடிச்சுதே.” பெண் குரல். மேலே ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. “நான் பாப்பாயி பேசறனுங்க. எட்டாம் வளைவு தாண்டவரு சம்சாரம். அவரு போயிட்டாருங்க. உங்களுக்குச் சேதி வந்துச்சோ என்னமோ.”

“வந்துச்சுங்கம்மா.”

“அதச் சொல்லத்தானுங்க கூப்புட்டேன். வண்டியில அவரு எடம் ஒண்ணு இருக்குமில்லீங்களா, சன்னலோரம்? அது இனி எங்களுக்கு வேண்டாமுங்க. எங்க பக்கத்து ஊர்ல ஒரு பொம்பளைக்கும் இதே சீக்கு. எடமில்லீன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாமா. அதுக்குக் குடுத்துருங்க. சும்மா போறதுதானே, பாவம்.”

“சரிங்கம்மா.”

“செவ்வா, வெள்ளின்னா பாறைக்கு ஏறி வந்து போட்டுப் பாப்பனுங்க. எங்க வீட்டுப் பக்கம் இங்கதான் டவரு எடுக்கும். எப்பப் போட்டாலும் வேற ஆருகூடவோ பேசிக்கிட்டிருக்குதுன்னே வந்துச்சு. உங்களுக்கும் எத்தன பேரு கூப்புடறாங்களோ. அவரு இருந்தப்பவே அன்னிக்கு அப்பிடித்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு. பாவம், லைன்ல கூட்டம் போலிருக்குது, கொஞ்சம் பொறுத்துப் போடலாம்னு.”

வையாபுரி கண்ணை மூடிக்கொண்டார்.

“அம்மா.”

“சொல்லுங்க.”

“லைன்ல யாரும் இல்லீங்கம்மா. உங்க நம்பரை நான்தான் அடைச்சு வச்சிருந்தேன். அன்னிக்கு அவரு போட்டதையும் நான்தான்… பதினோரு தடவை போட்டிருக்கார். ஒண்ணைக்கூட நான்…”

மேலே முடியவில்லை. காற்று மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அடைத்து வைப்பது என்றால் என்னவென்று அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. இந்தப் பக்கம் அழுகிறார்கள் என்பது மட்டும் புரிந்திருக்க வேண்டும், அழுவது ஒரு ஆண்பிள்ளை என்பதும். அவள் குரல் தணிந்தது. யாரோ வீட்டுக்கு வந்த ஆளைச் சமாதானப்படுத்துவது போலச் சொன்னாள்.

“அதுக்கென்னங் சாமி. மிஸ்டு கால்தானுங்களே. காசா போயிருச்சு?”